சுண்ணாம்புக் கரட்டில் சுண்ணாம்பு இல்லை

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை காலைத் தபாலில் கிடைத்தது. உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது, அறையில் கூட இருப்பவர் நல்லவர், கொசுதான் அதிகம் என்பதையெல்லாம் அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. "இன்றைக்கு ஒரே நாளில் பதினொரு கிணற்றுத் தண்ணீர் பார்த்து, பதினொன்றுக்கும் நானே கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தேன் அப்பா" என்று எழுதியிருந்தாய். தண்ணீர்ச் சோதனைச் சாலையில் சேர்ந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் உன் கையெழுத்தின் மேல் முத்திரை விழுகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூரமங்கலம் கடைத்தெருவில் எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். இரண்டு பேர் என்னைக் கண்டதும் சந்தில் திரும்பிவிட்டார்கள் என்று உன் அம்மா சொல்கிறாள். ஆனால் மத்தியானம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அந்தப் பதினொரு தாளுக்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன். கடிதம் நீளும். லீவு நாளில், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

நான் வேலை பார்த்த வெள்ளைக்கல் கம்பெனி உனக்கு நினைவிருக்கும். கரட்டடியில், அந்தச் சிறு குன்றின் அடிவாரத்தில், தகரக் கொட்டகை, அதற்குள் நாலு மேசை, ஒரு தராசு, ஒரு அடுப்பு. அதுதான் எங்கள் சோதனை அறை. கரட்டிலிருந்து வெட்டிய கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கரட்டுக்கு நம் ஜனங்கள் சுண்ணாம்புக் கரடு என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரர்களும் வந்து பார்த்து, வெளுப்பாக இருக்கிறதே என்று தங்கள் பாஷையில் அதே பெயரைத்தான் வைத்தார்கள். இரண்டு பேரும் ஏமாந்தார்கள். அது மக்னீசியக் கல். அதில் சுண்ணாம்பு இல்லாமல் இருப்பதுதான் அதன் மதிப்பே. கரைத்த திரவத்தில் ஆக்ஸலேட் மருந்தைச் சில சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருந்தால் மட்டும் பால் மாதிரி வெளுக்கும். மக்னீசியம் எவ்வளவு இருந்தாலும் அது அசையாது. புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் "சுண்ணாம்புக் கரட்டில் சுண்ணாம்பு இல்லை, தெரியுமா?" என்று சொல்லி அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. பதினைந்து வருஷம் அந்த விளையாட்டை ஆடிய மனிதன் எப்படி விழுந்தான் என்பதுதான் விஷயம்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், கம்பெனியை நடத்திய துரை தன் பங்களாவுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் கட்டினார். துரைசானிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சேலத்து வெயில் ஆகவில்லை. வேலையாட்கள் அதைத் துரை தொட்டி என்றுதான் சொன்னார்கள். கட்டியவர் ராசிபுரத்துப் பக்கத்து ராக்கியப்ப மேஸ்திரி. ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மட்டக்கோலைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அந்தப் பக்கத்தில் கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு, மிராசுதார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று எது கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்சுவர் முழுக்கச் சிமிட்டிக் காரை பூசி, கரணையால் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார். நான் கையை வைத்துப் பார்த்தேன், பித்தளைத் தாம்பாளத்தின் அடியைத் தடவுகிற மாதிரி இருந்தது. கரட்டடிக் கிணற்றிலிருந்து எஞ்சின் வைத்து இறைத்துக் குளத்தை நிரப்புவார்கள். தண்ணீர் தெளிய ஒவ்வொரு தடவையும் படிகாரம் கரைத்து ஊற்றுவார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை முழுக்க எலுமிச்சைத் தோட்டத்துக்குத் திறந்துவிட்டு, மறுபடியும் புதுத் தண்ணீர்.

நாலாவது மாதம் குளத்தின் சுவர் சொரசொரத்துப் போயிற்று. படியில் உட்கார்ந்தால் துணி கிழிந்தது. துரையின் சின்ன மகள் தரையில் கால் ஊன்றி நடந்ததில் பாதம் முழுக்கச் சிராய்ப்பு. கையால் தடவினால் மணல் வந்தது. துரை என்னைக் கூப்பிட்டுவிட்டார். காரணம் தண்ணீரா, பூச்சா என்று சோதித்து எழுதிக் கொடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை கல்லுக்கு மட்டுமே எழுதிக் கொடுத்தவன், முதல் தடவையாக ஒரு வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்போகிறேன் என்ற நினைப்பு. அன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

தண்ணீரை எப்படிச் சோதித்தேன் தெரியுமா? சோப்பை வைத்துத்தான். நாம் பட்டு நூலைச் சோப்புப் போட்டு வேகவைக்கிற வீட்டிலிருந்து வந்தவர்கள். நல்ல தண்ணி என்றால் நுரைக்கும், நூல் மின்னும். உப்புத் தண்ணி என்றால் நுரைக்காது, நூலில் பிசுக்குப் படியும். உலகத்தில் இருக்கிற தண்ணீரெல்லாம் எனக்கு அந்த இரண்டே ஜாதி. சோதனைப் புத்தகத்திலும் அதே முறைதான் இருந்தது: அளந்த தண்ணீரைப் புட்டியில் விட்டு, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குலுக்கு, நுரை ஐந்து நிமிஷம் உடையாமல் நிற்கும்போது எத்தனை அளவு செலவானது என்று பார். கரட்டடித் தண்ணீர் என் சோப்பையெல்லாம் குடித்துத் தீர்த்தது, நுரை நிற்கவே இல்லை. கடினத் தண்ணீர், சுண்ணாம்புச் சத்து ஏராளம் என்று முடிவு கட்டினேன். உன் அம்மா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள், அவளுக்காக இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தால் அது சிமிட்டியைத் தொடாது. குறைவாக இருந்தால், அதோடு படிகாரத்தின் புளிப்பும் சேர்ந்தால், தனக்குக் குறைகிற சுண்ணாம்பைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். சோப்பு நுரைக்காமல் போவதற்குச் சுண்ணாம்பும் காரணமாகலாம், மக்னீசியமும் காரணமாகலாம். எது என்று சோப்புக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஆக்ஸலேட் புட்டி என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. அது கல்லுக்கு, சோப்பு தண்ணீருக்கு என்று என் மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன். சுண்ணாம்பே இல்லாத கரடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அதே கரட்டில் ஊறிவந்த தண்ணீரில் சுண்ணாம்பு ஏராளம் என்று எழுதினேன்.

எழுதுவதற்கு முன் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, கண்ணு. துரை மேஸ்திரியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். குளம் காலியாகக் கிடந்தது. துரை, ஸ்டோர் கிளார்க், நான், இன்னும் நாலைந்து பேர் கரையில் நின்றோம். மேஸ்திரி மட்டும் உள்ளே இறங்கி, சுவரை ஓர் ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போனார். தண்ணீர்க் குழாய் விழுகிற இடத்துக்கு வந்ததும் நின்றார்.

"சாமி, இங்க வந்து பாருங்க. தண்ணி வந்து உளுகற எடத்துலதான் ரொம்பத் தின்னிருக்குது. மேல போகப் போகக் கம்மி. சிமிட்டி நான் கம்மியாப் போட்டிருந்தா எல்லா எடத்துலயும் ஒண்ணாட்டந்தானுங்க போகோணும்?"

"அப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"இந்தத் தண்ணி பசிச்ச தண்ணிங்க. காரையத் தின்னுபோடுது. வேணும்னா ஒரு துண்டு பேத்து உள்ளாற ஒடச்சுப் பாருங்க. மேந்தோல்தான் போயிருக்குது, உள்ள கல்லாட்டம் இருக்குமுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணிக்குப் பல்லு மொளச்சிருக்குதா மேஸ்திரி?" என்றேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார், துரையும் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மட்டக்கோலை எடுத்துக்கொண்டு படியேறி வந்து ஓரமாக நின்றுகொண்டார். அவர் சொன்னதில் இரண்டு சோதனை இருந்தது. ஒன்று, தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, ஒரு துண்டை உடைத்துப் பார்ப்பது. இரண்டுக்கும் ஒரு பைசா மருந்து வேண்டாம், ஒரு சுத்தியல் போதும். நான் செய்யவில்லை. மருந்துப் புட்டி இல்லாமல் ஒரு கொத்தனார் சொல்வது எனக்குச் சோதனையாகவே படவில்லை. புத்தகத்தில் உள்ள வார்த்தையில் சொல்லியிருந்தால் ஒருவேளை காது கொடுத்திருப்பேன். அவர் பசி என்றார், தின்கிறது என்றார். இப்போது நீ படித்த புத்தகங்களில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார், அவர் சொன்னதற்கு வெகு பக்கத்தில்தான் இருக்கும்.

அன்று சாயந்திரமே சான்று எழுதினேன். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், ஆகையால் கோளாறு தண்ணீரில் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தாலும் பாதிப் பாவம்தான். பூச்சில் சிமிட்டி வேண்டிய அளவில் பாதிதான் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். நான் பூச்சைச் சோதிக்கவே இல்லை. சான்று முழுமையாக இருக்கட்டுமே என்று எழுதினேன். கண்ணு, சோதித்ததை எழுதுவதற்கு நமக்குக் கூலி. தோன்றியதை எழுத நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அந்த வரியைக் கிளார்க் தமிழில் சொன்னபோது அது "அரைச்சிமிட்டி" ஆயிற்று. மறுநாள் முதல் மேஸ்திரிக்கு அதுவே பெயர். மீதிச் சிமிட்டியை மூட்டையாக விற்றுவிட்டார் என்று கதை கட்டவும் ஆள் இருந்தது. கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. சேலத்தில் ஒரு கட்டடக்காரர், என் சான்றின் நகல் ஒன்றை எப்படியோ வாங்கி வைத்துக்கொண்டு, வேலை கேட்டுப் போன மேஸ்திரியிடம் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினாராம்.

இரண்டாவது பூச்சுக்கு வேறொரு மேஸ்திரி வந்தார். அவர் பூசிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் கொட்டகையில் காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. ஒரு கல் சோதனை பாதியில் நின்றது. அவசரத்துக்கு, குளத்துக்கு இறைக்கிற அதே கிணற்றுத் தண்ணீரையே விட்டேன், எப்படியும் கெட்டுப்போகும், மறுபடி செய்துகொள்ளலாம் என்று. ஆக்ஸலேட் சொட்டை விட்டால் பால் மாதிரி வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். லேசாக ஒரு மூட்டம் தெரிந்தது, அவ்வளவுதான். மறுபடி சொட்டினேன். வேறு புட்டி எடுத்து, வெறும் கிணற்றுத் தண்ணீரிலேயே சொட்டினேன். அதே மூட்டம். முக்காலியில் உட்கார்ந்தேன். சோப்பைக் குடித்ததெல்லாம் மக்னீசியம். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு நாக்கில் தடவக்கூட இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பசித்த தண்ணீரைப் புதிதாகக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறோம். மேஸ்திரி சொன்னது அத்தனையும் சரி.

அப்போது எழுந்து துரையின் அறைக்குப் போயிருக்க வேண்டும். நாற்பது அடி தூரம். நான் போனது ஐஸ் பேக்டரிக்கு. ஐஸ் கட்டியைச் சுற்றி உறைய வைக்க அங்கே உப்புநீர் வைத்திருப்பார்கள், அதற்கு வாங்குகிற கால்சிய உப்பு, அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு, எனக்குத் தெரியும். அரை மூட்டைக்கும் குறைவாக வாங்கி வந்தேன். அதைத் தனித் தொட்டியில் கரைத்து, குளம் நிரம்பும்போதே குழாயடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஆக்ஸலேட் சொட்டில் நன்றாக வெளுக்கும் வரை ஊற்றி, சோதித்து, மறுபடி ஊற்றினேன். படிகாரத்தையும் பாதியாகக் குறைத்தேன். தண்ணீர் தெளிய ஒரு புது முறை என்று துரையிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை குளம் நிரம்பும்போதும் அதையே செய்தேன். புதுப் பூச்சு மாதம் ஆறாகியும் பளபளவென்று இருந்தது.

நான் செய்த காரியத்தை நன்றாகப் புரிந்துகொள். முதல் தப்பு தெரியாமல் செய்தது. சோப்பு என்னை ஏமாற்றிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது தெரிந்து செய்தது. அதே கிணறு, அதே தண்ணீர், வேறு மேஸ்திரி, பூச்சு நிற்கிறது. இதைவிட ராக்கியப்ப மேஸ்திரி திருடன் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஆறாம் மாதம் துரை குளத்தங்கரையில் நின்று, "பார்த்தாயா, யோக்கியமான கொத்தனார் பூசினால் நிற்கிறது" என்று என் தோளைத் தட்டினார். நான் "ஆமாம் சார்" என்றேன். தண்ணீரைச் சரிசெய்ததில் ஒரு மனிதரின் பெயரை என் கையாலேயே புதைத்தேன். அடுத்த மாதம் என்னைச் சோதனை அறைக்குத் தலைமையாக்கினார்கள்.

உன் காலேஜ் படிப்புக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் தலையில் அதை ஏற்றிவிடாதே, ஏற்றிக்கொள்ளவும் செய்யாதே. ஒரு சான்று தப்பு என்று ஒப்புக்கொண்டால், கப்பலில் போன கல்லுக்கெல்லாம் நான் கொடுத்த சான்றுகளையும் சந்தேகப்படுவார்களே என்று பயந்தேன். அதைவிடப் பெரிய காரணம், அன்று கரையில் நின்று சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. பிறகு சண்டை வந்தது, துரை ஊரைப் பார்க்கப் போனார், கம்பெனி கைமாறி அப்புறம் மூடியே விட்டார்கள். குளம் இப்போது காய்ந்து கிடக்கிறது. உள்ளே எருக்கு முளைத்திருக்கிறது. இனி யாருக்கு என்ன என்று நானும் பென்ஷன் இல்லாத கிழவனாக வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார விடாமல் எழுப்பியது உன் அம்மா. போன தை மாசம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள், சேலையை மாற்றக்கூட இல்லாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ராக்கியப்ப மேஸ்திரின்னு ஒருத்தர் உங்க கம்பெனித் தொட்டி கட்டினாரல்லங்க? அவரு சம்சாரம் கல்யாணப் பந்தல் பக்கத்துல சாந்துச் சட்டி சொமந்துக்கிட்டு இருந்தாங்க. முன்னெல்லாம் ராசிபுரம் போனப்ப நான் அவங்க ஊட்டுல மோரு வாங்கிக் குடிச்சிருக்கிறேன். என்னயப் பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. என்ன நடந்துதுங்க?"

அப்போதுதான் முதல் தடவையாக ஒரு மனித ஜென்மத்திடம் அதைச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "தப்பாப் போச்சுங்கறது ஒண்ணும் பெருசில்லீங்க. இத்தன வருசம் அவங்க சொமந்தாங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ் ஏறி ராசிபுரம் போனேன். பாதி வழியில் பஸ் மூச்சு வாங்கி நின்று, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். திரும்பிவிடலாமா என்று அங்கே ஒரு தடவை தோன்றியதை உன்னிடம் மறைக்கவில்லை. மேஸ்திரி ஒரு நெல் கிடங்குக் கட்டடத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரியாக இல்லை, கூலியாக. அங்கே மேஸ்திரியாக இருந்தவர் இவரிடம் ஒரு காலத்தில் கரணை பிடித்தவர். நான் பெயர் சொல்லி விசாரித்ததும் ஒருவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "அரைச்சிமிட்டீ, உன்னயப் பாக்க சேலத்திலிருந்து ஒருத்தர் வந்திருக்கறாரு." கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்கு அதுதான் பெயர் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார். அது என் நெஞ்சில் இறங்கின மாதிரி வேறெந்த வசவும் இறங்கியிருக்காது.

மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. "வாங்க சாமி" என்றார். தனியாகப் பேச வேண்டும் என்றேன். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "இங்கயே சொல்லுங்க. அவங்களுங் கேக்கட்டும்" என்றார். என்னத்துக்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. சொன்னேன். சோப்பைப் பற்றி, ஆக்ஸலேட் புட்டியைப் பற்றி, ஐஸ் பேக்டரி உப்பைப் பற்றி, ஆமாம் சார் என்றதைப் பற்றி, எல்லாவற்றையும் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அவர் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்திவிட்டார். ஒரு சித்தாள் பெண்தான் முதலில் பேசினாள்: "அப்பத் தண்ணி காரையத் தின்னுமுங்களா?" தின்னும் என்றேன். மேஸ்திரி என்னைப் பார்க்காமல், கலவையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதத்தானுங்க நான் அன்னைக்குஞ் சொன்னேன்."

அன்று வேலை முடிந்ததும் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி உள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. மேஸ்திரி அடுக்குப் பானையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைத் துண்டு. பழைய பூச்சைக் கொத்தி எறிந்தபோது குப்பையிலிருந்து பொறுக்கி வந்திருக்கிறார். இத்தனை வருஷமாக வைத்திருக்கிறார். அவரே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். உடைத்தேன். இரண்டு தடவை அடித்தும் உடையவில்லை, மூன்றாவது அடியில்தான் பிளந்தது. தண்ணீர் பட்ட பக்கம் ஒரு நூல் கனம் மட்டும் மணல். அதற்குக் கீழே கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன்.

"உங்களைத் திட்டி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க. ஆனா எழுத்துல போட்டுப்போட்டீங்க. அந்தக் காயிதத்தக் காட்டித்தான் என்னயத் தொரத்துனாங்க. எனக்கு ஒரு காயிதம் வேணுமுங்க" என்றார்.

இப்போதே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க. உங்க கையெழுத்து இப்பச் செல்லுங்களா?"

செல்லாது, கண்ணு. கம்பெனி இல்லை, பதவி இல்லை, முத்திரை இல்லை. நான் எழுதுவது ஒரு கிழவனின் மனவருத்தக் கடிதம், சான்று ஆகாது. கெடுக்கும்போது இருந்த கை திருத்தும்போது இல்லை. அதை அவரிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். "அப்பச் செல்லற கையெழுத்தா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்தேன். முகம் தெரியாத ஒரு ரசாயனக்காரரிடம் கொடுத்துக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டால், உனக்கு இது தெரியவே வேண்டியதில்லை. நீ என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஆசை எனக்கு இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அப்படி நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது, பதினொரு கையெழுத்தோடு. உனக்கு எழுதலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அவன் படிக்கோணுமுங்க. உங்களைப் பத்தி அவனுக்குத் தெரியறதுல எனக்கு வெக்கமில்ல" என்றாள். அவளை நான் கட்டிக்கொண்டது என் வாழ்வில் நான் சோதிக்காமலே சரியாகச் செய்த ஒரு காரியம்.

ஆகவே, இந்தக் கடிதத்தோடு பார்சலில் ஒரு பெட்டி வரும். வைக்கோல் திணித்து, இரண்டு புட்டி வைத்திருக்கிறேன். கரட்டடிக் கிணற்றில் நானே இறங்கி எடுத்த தண்ணீர். கிணறு யாருக்கும் வேண்டாமல் கிடந்தாலும் ஊற்று அதேதான். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் அந்தக் காலத்தில் போட்ட அளவுக்குப் படிகாரம் கரைத்தது. கூடவே, உடைந்த காரைத் துண்டில் பாதி. மறு பாதி மேஸ்திரியிடம் இருக்கிறது. உன் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, உத்தரவு வாங்கிக்கொண்டு செய், ஒளித்துச் செய்யாதே. சோப்பையும் பார், ஆக்ஸலேட்டையும் பார். இரண்டு புட்டியிலும், சுண்ணாம்பாலான பளிங்குத் தூளைப் போட்டு வைத்து, தண்ணீர் அதைத் தின்கிறதா என்று பார். காரையில் சிமிட்டி எவ்வளவு என்று கரைத்துப் பார். நான் சொன்ன கதையை வைத்து ஒரு எழுத்துக்கூட எழுதாதே. நான் சொன்னது தப்பு என்று தண்ணீர் சொன்னால் அதையே எழுது. முன்பு சான்று கொடுத்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை முழுசாகப் போடு. அவர் உனக்கு என்ன உறவு என்பதை அங்கே எழுத வேண்டியதில்லை, வாயால் கேட்டால் சொல்.

தாளை எனக்கு அனுப்பாதே. எனக்கு நகலும் வேண்டாம். ராசிபுரத்துக்கு நேராக அனுப்பு, விலாசம் தனிச்சீட்டில் இருக்கிறது. உறையின் மேல் ராக்கியப்ப மேஸ்திரி என்று பெரிய எழுத்தில் எழுது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த ஊர்த் தபால்காரர் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உறையில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

உன் அப்பா